அட்டெஸ்ட்: முத்திரைக்குப் பின்னால் நிற்கும் சாட்சி

"சர்டிபிகேட் ஜெராக்ஸை அட்டெஸ்ட் பண்ணிக் கொண்டு வாங்க" என்று கவுண்டரில் சொல்கிறார்கள். கேட்டவருடைய மனத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் பச்சை மையும் வந்து நிற்கின்றன. "அப்பா எழுதின உயிலை நோட்டரியிடம் அட்டெஸ்ட் பண்ணியாச்சு, இனி யாராலும் அசைக்க முடியாது" என்கிறார் இன்னொருவர். வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவர், பட்டச் சான்றிதழின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி வாங்குவதை அட்டெஸ்டேஷன் என்கிறார். சொல் ஒன்றுதான். ஆனால் மூன்று இடங்களிலும் நடக்கிற காரியம் வேறு வேறு. எதில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போனால் விண்ணப்பம் திரும்பி வரும். உயில் விஷயத்தில் வீடே கைவிட்டுப் போகலாம்.

அட்டெஸ்ட் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு முத்திரை குத்து என்ற பொருள் கிடையாது. சாட்சியாக நின்று சொல் என்பதுதான் அதன் பொருள். முத்திரை அந்தச் சாட்சியின் அடையாளம். சில இடங்களில் அதுகூடத் தேவையில்லை.

மூன்றாவது ஆள்

கைமாற்றாக 10,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். நீங்கள், வாங்குகிறவர், இருவர் மட்டும்தான். நாளைக்கு அவர் வாங்கவே இல்லை என்றால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல் நிற்கும். அதனால்தான் ஊரில் பணம் கொடுக்கும்போது "அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பணம் தரவில்லை, பெறவில்லை, வட்டி எவ்வளவு என்றுகூட அவருக்குத் தெரியவேண்டாம். கை மாறியதைக் கண்ணால் பார்த்தார், நாளைக்குக் கேட்டால் சொல்வார். அவ்வளவுதான் அவர் வேலை. அந்த வேலைக்குப் பெயர்தான் அட்டெஸ்ட்.

சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது. லத்தீனில் 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி. அதற்கும் முந்தைய வடிவம் 'மூன்றாவதாக நிற்பவர்' என்ற பொருளில் அமைந்தது என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட விளக்கம். அந்த வேரில் பிறந்தவைதான் கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் குறிக்கும் டெஸ்டிஃபை, சாட்சியத்தைக் குறிக்கும் டெஸ்டிமனி, உயிலைக் குறிக்கும் டெஸ்டமென்ட் எல்லாம். பரீட்சையைக் குறிக்கும் டெஸ்ட் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேராது. அது பொன், வெள்ளியின் தரம் பார்க்க உருக்கிய மண்கலத்தின் பெயரிலிருந்து வந்தது. அட்டெஸ்ட் என்றால் சோதித்துப் பார்ப்பது என்று பலர் நினைப்பது இந்த ஒலி ஒற்றுமையால்தான்.

நம் பக்கம் இருக்கும் சாட்சி என்ற சொல் வடமொழியில் 'கண்ணோடு இருந்தவன்' என்ற பொருளில் அமைந்தது. பழந்தமிழில் சாட்சிக்குக் கரி என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளின் கடைசியில் சாட்சிகள் பெயரை அடுத்து "இப்படி அறிவேன்" என்று வரும். அட்டெஸ்ட் என்ற வினையை இதைவிடச் சரியாகத் தமிழில் சொல்ல முடியாது. இன்றைய அரசுத் தமிழில் இதற்குச் சான்றொப்பம் என்று பெயர். அதுவும் நல்ல சொல், ஒப்பமிடுகிறவர் சான்றாக நிற்கிறார் என்பதை மறைக்காமல் சொல்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவே: நடந்ததை அறிந்த ஒருவர், அதை அறிவேன் என்று தன் கையெழுத்தால் சொல்வது அட்டெஸ்டேஷன். அவர் எதை அறிந்தார் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும்.

ஜெராக்ஸில் நடப்பது

நகலில் சான்றொப்பமிடும் அதிகாரி சொல்வது ஒரே வாக்கியம்: "அசலை நான் பார்த்தேன், இந்த நகல் அதைப் போலவே இருக்கிறது." அதைச் சொல்ல அவர் அசலைக் கையில் வாங்கி, பெயர், பதிவு எண், மதிப்பெண், தேதி ஆகியவற்றை நகலோடு ஒப்பிட வேண்டும். பிறகு கையெழுத்து, பெயர், பதவி, அலுவலக முத்திரை, தேதி. அசலைக் கொண்டுபோகாமல் ஜெராக்ஸை மட்டும் நீட்டி வாங்கிய ஒப்பத்தில் முத்திரை உண்டு, சாட்சி இல்லை.

அந்த ஒப்பம் சொல்லாத விஷயமும் ஒன்று இருக்கிறது. அசல் உண்மையானதா என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. போலி மதிப்பெண் பட்டியலின் நகலும் அந்தப் போலியோடு அச்சாக ஒத்துத்தான் இருக்கும். அதனால்தான் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுடைய சான்றிதழ்களைத் தேர்வுத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி, உண்மைத்தன்மைச் சான்று என்று தனியாக வாங்குகிறார்கள். அது அட்டெஸ்டேஷன் இல்லை, வெரிஃபிகேஷன், அதாவது சரிபார்ப்பு.

2014இல் மத்திய அரசு பல விண்ணப்பங்களுக்கு கெஜட்டட் அதிகாரியின் ஒப்பத்துக்குப் பதிலாக சுய சான்றொப்பமே போதும் என்று வழி திறந்தது. தனக்குத் தானே சாட்சியா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். இங்கே மூன்றாவது ஆள் என்ற பழைய பொருள் தளர்ந்துவிட்டது. "இது என் அசலின் சரியான நகல், பொய்யென்றால் நானே பொறுப்பு" என்ற உறுதிமொழியாக அது மாறியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அசலைக் கேட்டுப் பார்ப்பார்கள் என்பதால் இந்த ஏற்பாடு நடைமுறையில் நிற்கிறது.

சுய சான்றொப்பத்தில் அடிக்கடி நடக்கும் பிழைகள் சில. முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தாளையே பத்து ஜெராக்ஸ் எடுப்பது ஒன்று. அப்போது ஒப்பமும் நகலாகிவிடுகிறது. ஒவ்வொரு தாளிலும் பேனா மையில் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டு பக்கச் சான்றிதழில் ஒரு பக்கத்தில் மட்டும் போடுவது இன்னொன்று. தாளின் வெற்றுக் கீழ்மூலையில் போடுவதும் சரியில்லை, அந்த மூலையை வெட்டி எடுத்துவிட முடியும். எழுத்துகளை மறைக்காமல் நகலின் மேலே சற்று ஏறும்படி போடுவது நல்லது. ஆதார், பான் நகல் என்றால் எந்தத் தேவைக்கு, எந்தத் தேதியில் தருகிறீர்கள் என்றும் குறுக்கே எழுதிவிடுங்கள். ஒரு கடனுக்குக் கொடுத்த நகல் இன்னொரு சிம் கார்டுக்குப் போகாமல் இருக்க இது உதவும்.

புகைப்படத்தின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்து வாங்குவதற்கும் காரணம் உண்டு. படத்தைப் பிய்த்து வேறு முகத்தை ஒட்டினால் கையெழுத்தின் கோடு அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பத்திரத்திலும் உயிலிலும்

இந்தச் சொல் உண்மையில் கனம் பெறுவது இங்கேதான். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 3ஆம் பிரிவில் அட்டெஸ்டட் என்ற சொல்லுக்கு வரையறையே கொடுத்திருக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு உயிலுக்கும் ஏறக்குறைய அதையே கேட்கிறது.

பத்திரத்தை எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தோ கைரேகையோ வைப்பதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால், "இது என் கையெழுத்துதான்" என்று எழுதிக் கொடுப்பவரே அந்தச் சாட்சியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் சொன்னபடி, அவர் கண்முன்னே வேறொருவர் கையெழுத்திட்டதைப் பார்த்திருந்தாலும் சரி. அடுத்ததாக, சாட்சி தன் கையெழுத்தை எழுதிக் கொடுப்பவர் முன்னிலையில் போட வேண்டும். இப்படிக் குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்றாலும் செல்லும்.

முன்னிலையில் என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். படுக்கையில் இருக்கும் தாத்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உயிலைச் சாட்சியின் வீட்டுக்கு எடுத்துப்போய், "நம்ம தாத்தா கையெழுத்துதான், நீங்களும் ஒண்ணு போடுங்க" என்று வாங்குகிறார்கள். சாட்சி பார்க்கவில்லை, தாத்தா அவரிடம் நேரில் சொல்லவும் இல்லை, தாத்தா முன்னால் அவர் கையெழுத்துப் போடவும் இல்லை. தாளில் 2 கையெழுத்துகள் இருந்தாலும் சட்டப்படி அங்கே அட்டெஸ்டேஷன் நடக்கவில்லை.

பத்திரத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லாரும் சாட்சிகள் ஆகிவிடுவதும் இல்லை. பத்திரம் எழுதிய எழுத்தர் கையெழுத்திடுகிறார், சார்பதிவாளர் கையெழுத்திடுகிறார், பதிவின்போது ஆளை அடையாளம் காட்ட வந்தவர்கள் கையெழுத்திடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இல் இதைத் தெளிவாக்கியது: சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு போட்ட கையெழுத்துதான் அட்டெஸ்டேஷன்; வேறு வேலைக்காகப் போட்ட கையெழுத்தைப் பிறகு சாட்சிக் கையெழுத்தாக எண்ணிக்கொள்ள முடியாது.

எல்லாப் பத்திரத்துக்கும் இது கட்டாயமா என்றால், இல்லை. உயிலுக்குக் கட்டாயம். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கும் பத்திரத்துக்கும், எழுதிப் பதிவு செய்யும் அடமானப் பத்திரத்துக்கும் 2 சாட்சிகள் கட்டாயம். குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்ட் இதில் அடங்கும். கிரயப் பத்திரத்துக்குச் சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் நம் வழக்கத்தில் அதிலும் 2 சாட்சிகள் இல்லாமல் யாரும் எழுதுவதில்லை.

உயிலுக்கு நோட்டரி முத்திரை தேவையே இல்லை. பதிவும் கட்டாயம் இல்லை, செய்துவைப்பது நல்லது என்ற அளவில்தான். நோட்டரியின் சிவப்பு முத்திரை நான்கு பக்கமும் பளபளத்து, 2 சாட்சிகள் முறையாக இல்லாத உயிலை விட, சாதாரண வெள்ளைத் தாளில் 2 சாட்சிகளோடு எழுதிய உயில் உறுதியானது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், அவ்வளவு குடும்பங்கள் இதில் சறுக்குகின்றன.

சாட்சிக்கும் ஒரு பயம் உண்டு: "நான் கையெழுத்துப் போட்டால் கடனுக்கு என்னையும் பிடிப்பார்களோ?" பிடிக்க முடியாது. ஜாமீன் வேறு, சாட்சி வேறு. பத்திரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. கையெழுத்திடும் இடத்தில் சாட்சி என்ற தலைப்பு இருக்கிறதா, ஜாமீன்தாரர் என்றிருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தகராறு வந்தால் உயிலை நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவரைக் கோர்ட்டுக்கு அழைத்தே தீர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 67ஆம் பிரிவாக இருக்கிறது. மற்ற பத்திரங்கள் பதிவாகியிருந்து, எழுதிக் கொடுத்தவர் அதை மறுக்காவிட்டால் சாட்சியை அழைக்காமலே விடலாம். உயிலுக்கு அந்தச் சலுகை இல்லை. சாட்சிகள் இருவருமே இறந்துவிட்டால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் தெரிந்தவர்களைத் தேடி அடையாளம் காட்டச் செய்ய வேண்டிவரும். அது நீண்ட அலைச்சல். எழுபது வயதுக்காரர் தன் எழுபது வயது நண்பர்கள் இருவரைச் சாட்சி வைப்பது பாசமான காரியம், ஆனால் விவேகமானது இல்லை. வயதில் இளையவராக, உள்ளூரில் இருப்பவராக, உயிலில் பங்கு ஏதும் பெறாதவராகப் பார்த்து வைத்து, முழு முகவரியையும் எழுதி வாங்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், நகலில் அதிகாரி அறிந்தது அசலை. உயிலில் சாட்சி அறிந்தது எழுதியவர் கையெழுத்திட்டதை. இரண்டிலும் உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று யாரும் சொல்லவில்லை.

இலங்கையில் கொஞ்சம் வேறு

இலங்கையில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், முடிப்பதற்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிப்படை. அங்கே நொத்தாரிசும் (நோட்டரி) 2 சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருந்து, அவர்கள் முன்னே கையெழுத்து நடக்க வேண்டும். காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்ற இந்திய வசதி கிடையாது. உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் நீண்ட அத்தாட்சிப் பந்தியைத்தான் அங்கே அட்டெஸ்டேஷன் என்கிறார்கள். மரணசாசனத்துக்கு, அதாவது உயிலுக்கு, நொத்தாரிசு இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் 5 சாட்சிகள் இருந்தாக வேண்டும். ஒரே மொழி பேசினாலும் சென்னைப் பழக்கத்தை யாழ்ப்பாணத்துக் காணிக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இது போதும்.

வெளிநாட்டுக்குப் போகும் தாள்: சங்கிலி

கோவையில் ஒரு பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று ரோமில் உள்ள அலுவலருக்குத் தெரியாது. அதனால் ஒருவருக்கொருவர் அறிந்தவர்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். பதிவாளரின் கையெழுத்தை அறிந்த மாநில அரசின் உரிய துறை ஒப்பமிடுகிறது. அந்த அதிகாரியின் கையெழுத்தை அறிந்த வெளியுறவு அமைச்சகம் அதற்கு மேல் ஒப்பமிடுகிறது. அமைச்சகத்தின் ஒப்பத்தை அந்த நாடு ஏற்கிறது.

இந்தக் கடைசிக் கண்ணியை எளிதாக்கத்தான் 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதில் சேர்ந்த நாடுகளுக்குள் அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும்; உடன்படிக்கையின் மாதிரிப்படி அது குறைந்தது 9 செ.மீ. பக்கமுள்ள சதுரம், எண்ணிட்ட 10 விவரங்கள் கொண்டது. இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. உடன்படிக்கையில் சேராத நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். எம்பசி அட்டெஸ்டேஷன் என்று சொல்வது அதைத்தான். சவுதி அரேபியா 2022 டிசம்பரில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது, ஆகவே பழைய ஆட்கள் சொன்ன வழியை அப்படியே பின்பற்றாமல், போகிற நாடு இன்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. அப்போஸ்டில் ஒட்டிய பட்டம் என்றால் மத்திய அரசே படிப்பை அங்கீகரித்துவிட்டது என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள், அப்படி இல்லை. கையெழுத்து, அதைப் போட்டவரின் பதவி, முத்திரை ஆகிய மூன்றும் மெய் என்பதோடு அது நின்றுவிடுகிறது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் 8ஆம் பிரிவு, நோட்டரி செய்யக்கூடிய வேலைகளில் முதலாவதாக நான்கு வினைகளை அடுத்தடுத்து வைக்கிறது: வெரிஃபை, ஆதென்டிகேட், சர்டிஃபை, அட்டெஸ்ட். நான்கும் ஒன்றென்றால் நான்கு சொற்கள் எதற்கு? வெரிஃபை என்பது தேடிச் சரிபார்ப்பது. ஆதென்டிகேட் என்பது இது மெய்யானது, போலியில்லை என்று நிறுவுவது. சர்டிஃபை என்பது பொறுப்பில் உள்ளவர் ஒரு செய்தி உண்மை என்று சான்றளிப்பது. வருமானச் சான்றிதழில் தாசில்தார் செய்வது இதுதான். அட்டெஸ்ட் என்பது பார்த்தேன், அறிவேன் என்று நிற்பது. டெஸ்டிஃபை பக்கத்தில் வந்தாலும் அது கோர்ட்டில் சத்தியம் செய்து வாயால் சொல்வது. உயிலில் அன்று அட்டெஸ்ட் செய்த சாட்சிதான் பின்னாளில் கூண்டில் ஏறி டெஸ்டிஃபை செய்கிறார்.

வாக்கியத்தில் எப்படி வைப்பது

தாள், கையெழுத்து, உயில் என்றால் வினையை அடுத்து நேராகப் பெயர்: 'அட்டெஸ்ட் த சிக்னேச்சர்'. நேர்மை, திறமை போன்ற ஒன்றுக்கு நீங்கள் சாட்சி என்றால் இடையில் 'டு' வரும்: 'ஐ கேன் அட்டெஸ்ட் டு ஹெர் ஹானஸ்டி', அவருடைய நேர்மைக்கு நான் சாட்சி. முழுச் செய்தியைச் சொன்னால் 'தட்': 'ஐ அட்டெஸ்ட் தட் த காப்பி இஸ் ட்ரூ'. அதிகாரி 'மூலமாக' என்பதற்கு 'பை' போதும்: 'அட்டெஸ்டட் பை எ கெஜட்டட் ஆபீசர்'. 'ஃப்ரம்' போட்டால் பிழை. "அதிகாரியிடமிருந்து அட்டெஸ்ட் வாங்கினேன்" என்ற நம் பேச்சைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் அந்த 'ஃப்ரம்' நுழைந்துவிடுகிறது.

சாட்சி சொல்வது மனிதர்தான் என்றில்லை, பொருளும் சொல்லலாம். அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச் சாடிகள் அந்நாளைய கடல் வணிகத்தை 'அட்டெஸ்ட் டு' செய்கின்றன என்று எழுதுவது இயல்பான ஆங்கிலம். மொழியியலில் 'அட்டெஸ்டட் ஃபார்ம்' என்றால் கல்வெட்டிலோ ஏட்டிலோ பேச்சிலோ உண்மையில் கிடைத்த வடிவம். கிடைக்காமல், ஒப்பிட்டு ஊகித்து அமைத்த தொல்திராவிட வடிவங்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். இந்தச் சொல்லைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை என்று அந்தக் குறி வாசகரிடம் சொல்லிவிடுகிறது.

மின்னஞ்சலில் வரும் ஒரு பிழை மிச்சம் இருக்கிறது. "என் ரெஸ்யூமே இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று சொல்ல நினைத்து 'அட்டெஸ்டட்' என்று எழுதிவிடுகிறார்கள். இணைப்பதற்கு அட்டாச். அட்டாச் செய்த நகலை அட்டெஸ்ட் செய்தும் அனுப்பியிருந்தால், இரண்டு சொல்லையும் போடலாம்: 'அட்டெஸ்டட் காப்பீஸ் ஆர் அட்டாச்டு'.